தொலைவு இரு முனைகளிலும் ஒன்றா?

பயணம் புறப்படும் எவரும் முதலில் கேட்பவை இரண்டு கேள்விகள்: எவ்வளவு தூரம்? எவ்வளவு நேரம்? மும்பையில் வாழும் தமிழருக்கு இவை வெறும் பயணக் கணக்குகள் அல்ல. தாராவியில் தையல் இயந்திரத்தின் முன் அமர்ந்திருப்பவருக்கும், மாதுங்காவில் மூன்று தலைமுறைகளாகக் குடியிருப்பவருக்கும், செம்பூரின் அடுக்குமாடி வீட்டில் வசிப்பவருக்கும் தெற்கே எங்கோ 'ஊர்' என்று ஒன்று இருக்கிறது. அங்கே வயதான தாயோ, தூக்கி வளர்த்த அத்தையோ, தனித்துப் போன தமையனோ இருக்கிறார்கள். அவர்களுக்கும் நமக்கும் இடையே உள்ள தூரம் எவ்வளவு? அதைக் கடக்க வேண்டியவர் யார்? முதல் கேள்விக்கு வரைபடம் விடை சொல்லும். இரண்டாவது கேள்விக்கு நம் மனசாட்சிதான் விடை சொல்ல வேண்டும்.

வானத்தின் கணக்கு

மும்பை விமான நிலையத்திற்கும் சென்னை விமான நிலையத்திற்கும் இடையே நேர்வழியில் ஏறத்தாழ 1,030 கிலோமீட்டர் தூரம். இன்றைய ஜெட் விமானம் மணிக்கு 800 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட வேகத்தில் பறக்க வல்லது. அவ்வாறாயின் ஒன்றேகால் மணி நேரத்தில் போய்ச் சேர்ந்துவிடலாமே! ஆனால் கால அட்டவணையில் காண்பதோ ஏறத்தாழ இரண்டு மணி நேரம். ஏன் இந்த வேறுபாடு?

அட்டவணை நேரம் என்பது வானில் பறக்கும் நேரம் மட்டும் அன்று. விமானம் தன் நிறுத்துமிடத்தை விட்டு நகரும் கணத்தில் அது தொடங்குகிறது. போய்ச் சேரும் நிலையத்தில் நின்று ஓயும் கணத்தில் முடிகிறது. ஓடுபாதைக்கு ஊர்ந்து செல்லுதல், முறைக்காகக் காத்திருத்தல், மேலேறுதல், கீழிறங்குதல் ஆகிய யாவும் அதில் அடங்கும். மும்பை நிலையத்தின் இரண்டு ஓடுபாதைகளும் ஒன்றையொன்று குறுக்கே வெட்டிச் செல்பவை. ஆதலால் இரண்டையும் ஒரே வேளையில் தடையின்றிப் பயன்படுத்த இயலாது. நெரிசல் மிகுந்த நேரங்களில், நகரை நெருங்கிவிட்ட விமானமும் வானில் வட்டமிட்டபடி தன் முறைக்குக் காத்திருக்க நேர்கிறது.

காற்றும் தன் பங்குக்குக் கணக்கை மாற்றுகிறது. ஜூன் முதல் செப்டம்பர் வரையிலான பருவமழை மாதங்களில், தென்னிந்தியாவுக்கு மேலே மிக உயரத்தில் கிழக்கிலிருந்து மேற்காக வலிய காற்றோட்டம் ஒன்று உருவாகிறது. சென்னையிலிருந்து மும்பைக்கு வரும் விமானத்தை அது பின்னிருந்து தள்ளுகிறது. மும்பையிலிருந்து சென்னைக்குச் செல்லும் விமானத்தை எதிர்த்து நிற்கிறது. பாதை ஒன்றே, கிலோமீட்டரும் ஒன்றே. ஆயினும் போவதற்கு ஒரு நேரம், வருவதற்கு வேறு நேரம்!

இந்தச் சிறிய உண்மையைச் சற்று மனத்தில் இருத்துவோம். தூரம் இரு முனைகளுக்கும் பொதுவானது. அதைக் கடக்கும் சிரமமோ இரு முனைகளுக்கும் ஒன்றாக இருப்பதில்லை. இக்கட்டுரை சொல்ல விழைவது இதைத்தான்.

சுருங்கி வந்த வழி

இவ்விரு நகரங்களுக்கும் இடையே உள்ள வழி சுருங்கி வந்த வரலாறு சுவையானது. பம்பாயிலிருந்து தென்கிழக்காக வந்த இருப்புப் பாதையும், மதராசிலிருந்து வடமேற்காகச் சென்ற இருப்புப் பாதையும் 1871-ஆம் ஆண்டில் ராய்ச்சூரில் ஒன்றோடொன்று இணைந்தன. புனே, சோலாப்பூர், குண்டக்கல், ரேணிகுண்டா வழியாகச் செல்லும் அந்தப் பாதை ஏறத்தாழ 1,280 கிலோமீட்டர் நீளமுடையது. இன்றும் விரைவு ரயில்கள் அதைக் கடக்க ஏறக்குறைய ஒரு நாள் ஆகிறது. திருநெல்வேலிக்கோ நாகர்கோவிலுக்கோ செல்பவருக்கு அதற்கு மேலும் ஒரு பொழுது வேண்டும்.

வான்வழி திறந்தது 1932 அக்டோபர் 15 அன்று. ஜே.ஆர்.டி. டாட்டா 'பஸ் மாத்' என்னும் ஒற்றை எஞ்சின் சிறு விமானத்தில், தபால் மூட்டையுடன் கராச்சியிலிருந்து கிளம்பி, அகமதாபாத் வழியாகப் பம்பாயின் ஜூஹுவில் வந்திறங்கினார். அங்கிருந்து நெவில் வின்சென்ட் அந்தத் தபாலை ஏற்றுக்கொண்டு பறந்தார். இரவு பெல்லாரியில் தங்கி, மறுநாள் மதராஸ் சேர்ந்தார். கவனியுங்கள், இவ்விரு நகரங்களுக்கும் இடையே தொடங்கிய அந்த முதல் விமானப் போக்குவரத்து சுமந்து சென்றது மனிதர்களை அல்ல, கடிதங்களை. அதாவது, நேரில் போக இயலாதவர்களின் சொற்களை.

அன்று அந்த இயலாமை உண்மையானது. ஊரில் தந்தை இறந்தார் என்று தந்தி வரும். செய்தி கிடைத்த கையோடு ரயில் ஏறினாலும், மகன் போய்ச் சேரும்போது எல்லாம் முடிந்திருக்கும். ஊரார் அவனைக் குறை கூறமாட்டார்கள். 'பாவம், பம்பாயிலிருந்து வர வேண்டுமே!' என்பார்கள். தூரமே அவனுக்காகச் சாட்சி சொன்னது. அந்தத் தந்திச் சேவையும் 2013 ஜூலையில் நிறுத்தப்பட்டுவிட்டது. இன்று செய்தி நொடியில் வருகிறது. வழியோ இரண்டு மணி நேரமாகச் சுருங்கிவிட்டது. தூரம் நமக்காகச் சொல்லிவந்த சாட்சியம் இனி செல்லுபடியாவதில்லை. முன்பு 'போக முடியவில்லை' என்று முடிந்த இடத்தில், இப்போது 'போகவில்லை' என்ற சொல் நிற்கிறது. முன்னதற்குத் தூரம் காரணம். பின்னதற்கு நாம் காரணம்.

எல்லோருக்கும் இரண்டு மணி நேரமா?

எனினும் இதைச் சொல்லும்போது மிகுந்த எச்சரிக்கை தேவை. இரண்டு மணி நேரம் என்பது யாருடைய கணக்கு?

திருநெல்வேலிச் சீமையின் ஒரு சிற்றூரிலிருந்து வந்து தாராவியில் தினக்கூலிக்கு உழைக்கும் ஒருவரை எண்ணிப் பார்ப்போம். சாந்தாகுரூஸ் பக்கம் இறங்கும் விமானங்களை அவர் நாள்தோறும் பார்க்கிறார். விமான நிலையம் அவருடைய குடியிருப்பிலிருந்து சில கிலோமீட்டர் தூரத்தில்தான் இருக்கிறது. ஆனால் விமானக் கட்டணம் நாளுக்கு நாள் மாறுவது. முன்கூட்டியே திட்டமிடுபவருக்குக் குறைவாகவும், திடீரெனக் கிளம்புபவருக்குப் பெரும்பாலும் அதிகமாகவும் இருப்பது. தாயின் நோயும் மரணமும் முன்பதிவு செய்துகொண்டு வருவதில்லை. ஆகவே எந்த நாளில் அவசியம் மிகுதியோ, அந்த நாளில்தான் வழியும் அவருக்கு அடைபட்டிருக்கிறது. அவருக்கு ஊர் இன்றும் ஒன்றரை நாள் தூரத்தில்தான் உள்ளது. அதனுடன் இழந்த கூலியையும் சேர்த்துக் கணக்கிட்டால் இன்னும் அதிகம்.

பணம் உள்ளவருக்கும் வழி முழுவதும் வானில் இல்லை. மும்பையிலிருந்து மதுரை நேர்வழியில் ஏறத்தாழ 1,170 கிலோமீட்டர். அதை விமானம் சுமார் இரண்டு மணி நேரத்தில் கடந்துவிடும். மதுரையிலிருந்து திருநெல்வேலி 150 கிலோமீட்டருக்குச் சற்று மேல். அதற்குச் சாலையில் ஏறக்குறைய மூன்று மணி நேரம் ஆகும். வீட்டிலிருந்து விமான நிலையம் செல்லும் நேரமும், அங்கே முன்னதாகச் சென்று காத்திருக்கும் இரண்டு மணி நேரமும் வேறு. வயதான தாய்க்கு இந்த வழி எத்தகையது? வரிசையில் நிற்க இயலாது, படி ஏற இயலாது, அறிவிப்புகள் புரிவதில்லை. மகனுக்கு அரை நாள் வழியாக இருப்பது அவளுக்குக் கடக்கவே இயலாத வழியாக இருக்கிறது.

ஆக, ஒரே தூரம் ஒருவருக்கு எளிது, மற்றவருக்கு அரிது. ஒருவருக்குக் காற்று பின்னிருந்து வீசுகிறது. மற்றவருக்கு எதிரே வீசுகிறது. அப்படியானால் இடையிலுள்ள தூரத்தைக் கடக்கும் கடமை யாருடையது? யாருக்குக் காற்று பின்னிருந்து வீசுகிறதோ அவருடையது. இளையவர் முதியவரிடம் போக வேண்டும். நலமாக இருப்பவர் நோயுற்றவரிடம் போக வேண்டும். வசதி உள்ளவர் வசதியற்றவரிடம் போக வேண்டும். 'அவர்கள் வரட்டுமே' என்று நாம் சொல்லும்போது, அவர்களுடைய கிலோமீட்டரை நம்முடைய கிலோமீட்டரால் அளந்துவிடுகிறோம்.

கனியின் கதை

மாங்கனிக்காக நடந்த போட்டியை நாம் அனைவரும் குழந்தைப் பருவத்திலேயே கேட்டிருக்கிறோம். முருகன் மயிலேறி உலகைச் சுற்றினான். பிள்ளையார் தாய் தந்தையரைச் சுற்றி வந்து கனியைப் பெற்றார். பிள்ளையாரின் மதிநுட்பத்தை வியந்து கதையை அங்கேயே நிறுத்திவிடுவது நம் வழக்கம். ஆனால் கதை அங்கு முடிவதில்லை. சினமுற்ற பிள்ளை தொலைவிலுள்ள குன்றில் போய் நிற்கிறான். 'கோபித்துக்கொண்டு போனவன்தானே, அவனே திரும்பி வரட்டும்' என்று பெற்றோர் வாளா இருக்கவில்லை. கயிலையிலிருந்து கிளம்பி அந்தக் குன்று வரை வருகிறார்கள். நியாயம் யார் பக்கம், வர வேண்டியவர் யார் என்ற வழக்கு அங்கே எழவே இல்லை. மனம் புண்பட்டு நிற்பவனால் அப்போது வர இயலாது, அவர்களால் இயலும், எனவே வந்தார்கள்.

உறவுகளில் தூரம் வளர்வதற்குப் பெருங்காரணம், 'கடைசியாக வந்தது யார்?' என்று நாம் வைத்துக்கொள்ளும் கணக்கு. 'சென்ற முறை நான் போனேன். இந்த முறை அவர்கள் வர வேண்டும்.' இந்தக் கணக்கு நியாயமாகவே தோன்றும். ஆனால் இரு முனைகளிலும் காற்று ஒரே விதமாக வீசும்போது மட்டுமே அது நியாயம். அவ்வாறு வீசுவது அரிது.

'எப்போதும் நான்தான் போக வேண்டுமா?' என்று சோர்வுடன் கேட்பவரும் உண்டு. பல உடன்பிறப்புகளுள் ஒருவரே ஓடி ஓடிச் செய்யும் குடும்பங்களில் இது பொருளற்ற கேள்வி அன்று. ஓடுபவரின் சோர்வை மற்றவர்கள் பங்கிட்டுக்கொள்வதும் அறமே. வீட்டில் நோயாளியை வைத்துக்கொண்டு நகர இயலாதவர், ஒருநாள் கூலியை இழந்தால் அடுப்பெரியாதவர் ஆகியோரைக் குற்றம் சொல்ல எவருக்கும் உரிமை இல்லை. இயலாமை வேறு, மனமின்மை வேறு. இரண்டையும் பிரித்தறிய வல்லவர் அவரவரே. வேலை மிகுதி என்று நாம் சொல்லும் அதே வாரத்தில் வேறொரு கொண்டாட்டத்திற்கு விடுப்பு கிடைத்ததா என்று தனிமையில் கேட்டுப் பார்த்தால், உண்மை தானாகத் தெரிந்துவிடும்.

தொலைபேசியில் தாய் சொல்கிறாள்: 'வேலையை விட்டுவிட்டு எதற்கப்பா வருகிறாய்? நான் நன்றாகத்தான் இருக்கிறேன்.' அது மகனின் சுமையைக் குறைக்க அவள் சொல்லும் சொல். அதை அனுமதியாக எடுத்துக்கொள்வது எளிது. அதன் பின்னே உள்ள அன்பை எடுத்துக்கொள்வதே முறை.

மிச்சமான மணிகள்

வேகத்தால் நேர்ந்த இன்னொரு மாற்றமும் சிந்திக்கத் தக்கது. ஒன்றரை நாள் ரயிலில் சென்றவர் பத்து நாட்களாவது ஊரில் தங்கினார். அத்தனை சிரமப்பட்டு வந்தவர் உடனே திரும்புவது எப்படி? இன்று காலையில் வந்திறங்கி மறுநாளே திரும்புவது சாதாரணமாகிவிட்டது. போகும் நேரம் குறைந்தபோது, தங்கும் நேரமும் அதனுடன் சேர்ந்தே குறைந்துவிட்டது. தங்கும் அந்தச் சில மணி நேரத்திலும் கண்கள் கைப்பேசியிலும், மனம் திரும்பும் விமானத்தின் நேரத்திலும் இருக்குமானால், நாம் போய்ச் சேர்ந்தோம் என்று எப்படிச் சொல்வது?

மும்பையிலிருந்து சென்னைக்கு வீட்டு வாசலிலிருந்து வீட்டு வாசல் வரை விமானப் பயணம் ஆறேழு மணி நேரம் எடுக்கும். ரயில் பயணம் ஒரு நாளுக்கு மேல். போக வர ஒன்றரை நாளாவது நமக்கு மிச்சமாகிறது. அந்த மிச்சம் யாருடைய உழைப்பாலோ நமக்குக் கிடைத்த கொடை. அதில் பாதியையேனும், எதற்காகப் போகிறோமோ அவருடனேயே செலவிடுவது நேர்மையான பங்கீடு அல்லவா? பெரிதாக எதுவும் பேச வேண்டியதில்லை. திண்ணையில் உடன் அமர்ந்திருந்தால் போதும். மருந்துச் சீட்டைப் படித்துக் காட்டலாம்; ஆயிரம் முறை கேட்ட பழைய கதையை இன்னொரு முறை கேட்கலாம்.

இரண்டு கிலோமீட்டர்

2020 மார்ச் 25 முதல் மே 24 வரை, பெருந்தொற்றின் காரணமாக நாட்டில் உள்நாட்டுப் பயணிகள் விமானங்கள் பறக்கவில்லை. ரயில் போக்குவரத்தும் நின்றது. இரண்டு மணி நேர வழி ஒரே இரவில் எல்லையற்ற வழியாகிவிட்டது. பணமிருந்தும் மனமிருந்தும் எத்தனையோ பிள்ளைகள் பெற்றோரின் இறுதிச் சடங்கைக் கைப்பேசித் திரையில் கண்டு அழுதனர். அந்நாட்களில் முதியவர்களுக்குப் பாலும் மருந்தும் வாங்கிக் கொடுத்தவர்கள் யார்? பல இடங்களில் பக்கத்து வீட்டுக்காரர்களே. உறவினர் தொலைவில் நின்றபோது, அருகில் இருந்தவர் உறவினர் ஆனார்.

அந்த நாட்கள் நம்மை வேறொரு தூரத்தை நோக்கியும் திருப்புகின்றன. விமானமோ ரயிலோ தேவைப்படாத தூரம் அது. மாதுங்காவின் கிங்ஸ் சர்க்கிளிலிருந்து தாராவியின் தொண்ணூறு அடிச் சாலை ஏறத்தாழ இரண்டு கிலோமீட்டர். நடந்தே சென்றால் அரை மணி நேரம். இடையே செல்வது ஓர் இருப்புப் பாதை. இருபுறமும் தமிழ் கேட்கிறது. மாதுங்காவில் உணவகங்களில் இட்லி ஆவி பறக்கிறது. தாராவியில் விடியுமுன் வீடுகளில் அவித்த இட்லியைச் சுமந்துகொண்டு நகரெங்கும் விற்கச் செல்கிறார்கள். பொங்கல் நாளில் தாராவித் தெருவில் பெண்கள் வரிசையாக அடுப்பு மூட்டிப் பானை வைக்கிறார்கள்.

அலுவலக வேலைகளுக்காக வந்த தமிழ்க் குடும்பங்கள் மாதுங்காவில் நிலைபெற்றன. கல்வியைப் போற்றி 1932-இல் தென்னிந்தியக் கல்விச் சங்கத்தை நிறுவினர். தோல் பதனிடுதல் போன்ற கடும் உழைப்புக்கென வந்தவர்கள் தாராவியில் குடியேறினர். ஒரே நகரில் பல தலைமுறைகள் கழிந்துவிட்டன. இங்கிருப்பவர் எத்தனை முறை அங்கே சென்றிருக்கிறார்? அலுவல் நிமித்தமாக அன்று. ஒருவர் வீட்டில் அமர்ந்து ஒரு குவளை தேநீர் அருந்துவதற்காக? சென்னைக்குப் பலமுறை பறந்தவர்களுள், இந்த இரண்டு கிலோமீட்டரை ஒருமுறையேனும் நடந்து கடந்தவர் எத்தனை பேர்? அங்கே தடையாக நிற்பது இருப்புப் பாதை அன்று. சாதி, படிப்பு, பணம் ஆகியவற்றால் நாமே இட்ட கோடு.

இங்கும் அதே அளவுகோல்தான். தாராவியில் வாழ்பவர் மாதுங்காவின் அல்லது செம்பூரின் அடுக்குமாடிக் கட்டடத்திற்கு வந்தால், வாயிற்காவலர் பெயர் கேட்பார். எதற்கு வந்தாய் என்பார். இங்கிருந்து அங்கே செல்பவரை எவரும் அவ்வாறு தடுப்பதில்லை. ஆகவே முதல் அடி இங்கிருந்துதான் தொடங்க வேண்டும். அதுவும் கொடை வழங்கும் தோரணையில் அன்று, அண்டை வீட்டாரைக் காணச் செல்லும் இயல்போடு. பள்ளித் தேர்வுக்குத் தயாராகும் ஒரு பிள்ளைக்கு வாரம் ஒரு மாலை கணிதம் சொல்லித் தரலாம். தாயின் உடல்நிலை மோசமென்று செய்தி வந்து தவிக்கும் ஒரு தொழிலாளிக்கு, அன்றைய விமானச் சீட்டை வாங்கிக் கொடுத்து நிலையம் வரை உடன் செல்லலாம். அவருக்கு அந்த நாளில் ஒன்றரை நாள் வழியை இரண்டு மணி நேரமாக்குவது விமானம் மட்டுமன்று. உடன் நின்ற ஒரு மனிதரும்தான்.

புறப்படுதல்

பூமியின் மேற்பரப்பில் இரு இடங்களுக்கு இடையே உள்ள தூரம் மாறுவதில்லை. 1871-இல் இருந்த அதே தூரம்தான் மும்பைக்கும் சென்னைக்கும் இடையே இன்றும் இருக்கிறது. மாறியிருப்பது நமக்கு வாய்த்துள்ள ஆற்றல். ஆற்றல் கூடும்போது வசதி கூடுகிறது என்று மகிழ்கிறோம். கடமையும் கூடுகிறது என்பதை மறந்துவிடுகிறோம்.

பருவக்காற்று ஆண்டு முழுவதும் ஒரு திசையிலேயே வீசுவதில்லை. இன்று நம்மைப் பின்னிருந்து தள்ளும் இளமையும் நலமும் செல்வமும் ஒருநாள் எதிர்க்காற்றாக மாறும். அப்போது நம்மைக் காண எவரேனும் வர வேண்டும் என்பதற்காக இப்போது போக வேண்டும் என்பதில்லை. அவ்வாறு போவது வியாபாரமாகிவிடும். இன்று நம்மால் இயலும், அவர்களால் இயலாது. போவதற்கு அந்தக் காரணமே போதும்.

இந்த மாதம் நாம் ஒவ்வொருவரும் இரண்டு பெயர்களை எழுதிக்கொள்வோம். ஒன்று, தொலைவில் இருந்து நம்மை எதிர்பார்க்கும் ஒருவரின் பெயர். மற்றொன்று, அருகில் இருந்தும் நாம் இதுவரை சென்று காணாத ஒருவரின் பெயர். இருவரில் எவரை அடையும் வழி நமக்கு எளிதோ, அவரிடம் முதலில் புறப்படுவோம். பின்னர் மற்றவரிடமும் செல்வோம்.